சைலன்சர் மாற்றினால் காயில் எரியுமா? வாரண்டி மறுக்கப்பட்ட பைக்கும் மிச்சமிருக்கும் வழிகளும்

"சார், நீங்க சைலன்சர் மாத்தியிருக்கீங்க. அதனால வாரண்டி வராது" என்று சர்வீஸ் அட்வைசர் சொன்னார். எரிந்துபோயிருந்தது சைலன்சர் அல்ல, எஞ்சினுக்குள் இருந்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும் மேக்னட் காயில். புகை போகும் குழாய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "கம்பெனி பாலிசி சார்" என்றார்.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். 350 சிசி பைக், மூன்று வருட வாரண்டி. வாங்கிய ஆறு மாதத்துக்குள் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் ஹேண்டில்பார், சைலன்சர், முன்னால் இரண்டு ஃபாக் லைட் என்று ஆசை தீர மாட்டிக்கொண்டேன். பதினாறாவது மாதம் பேட்டரி அடிக்கடி இறங்கியது. சர்வீஸ் சென்டரில் திறந்து பார்த்துவிட்டுக் காயில் எரிந்திருக்கிறது என்றார்கள். ஃபாக் லைட்டுக்காக ஒயரை வெட்டி ஒட்டியிருப்பதால் வாரண்டியில் வராது என்றும் சொன்னார்கள். வெட்டி டேப் சுற்றிய ஒயரை நானே பார்த்தேன். சரி, தப்பு நம் பக்கம்தான் என்று 8,700 ரூபாய் கட்டினேன். ஃபாக் லைட்டைக் கழற்றி ஒயரிங்கைப் பழையபடி ஆக்கித் தரச் சொன்னேன். அவர்களே செய்து, ஜாப் கார்டில் எழுதியும் கொடுத்தார்கள்.

நான்கு மாதத்தில் புதுக் காயிலும் எரிந்தது. பழி சொல்ல இந்த முறை ஃபாக் லைட் இல்லை. அதனால்தான் சைலன்சர்.

மாடிஃபை செய்த பைக்கை வைத்துக்கொண்டு வாரண்டிக்குப் போராடுகிறவர் எல்லோரும் ஏதோ ஒரு வடிவத்தில் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். அன்றைக்கு நண்பர்களிடம் கேட்டதில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். எல்லாவற்றையும் யோசித்தேன், சிலவற்றை முயன்றும் பார்த்தேன்.

முதலில் வந்த யோசனை, "ஸ்டாக் சைலன்சரை மாட்டிட்டு வேற சர்வீஸ் சென்டருக்குப் போ." பைக் வைத்திருப்பவர்களிடையே இது ஊரறிந்த வித்தை. கழற்றிய ஒரிஜினல் பாகங்களைப் பரணில் வைத்திருக்கிறவர்கள் பாதிப் பேர் இதற்காகவே வைத்திருக்கிறார்கள். எனக்கு இது பிடிக்காததற்கு நேர்மை மட்டும் காரணமில்லை. ஒரே கம்பெனியின் சர்வீஸ் சென்டர்கள் பலவற்றில் வண்டியின் பழைய வேலைகள் கம்ப்யூட்டரில் தெரியும். முந்தைய ஜாப் கார்டில் "வெளி சைலன்சர் உள்ளது" என்று ஒரு வரி இருந்தால் கதை முடிந்தது. ஒயரில் வெட்டுக்காயம் மறையாது, போல்ட்டில் ஸ்பானர் தடம் போகாது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம்மில் மேப் (பெட்ரோல் அளவு போன்ற அமைப்புகள்) மாற்றியவர்கள் பழைய மேப்பைத் திரும்ப ஏற்றினாலும் தடயம் இருக்கலாம். எல்லாவற்றையும் விட, ஒருமுறை மறைத்து மாட்டிக்கொண்டால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைப்பது அதைத்தான்.

இன்சூரன்ஸில் கேட்கலாமே என்றார் ஒருவர். வேலைக்கு ஆகாது. விபத்து, திருட்டு, தீ என்றால் சரி. தானாகப் பழுதாகும் இயந்திரக் கோளாறும் மின்கோளாறும் சாதாரண வாகன பாலிசியில் விலக்கப்பட்டவை. எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கி வைத்திருந்தாலும், மாடிஃபிகேஷன் பற்றிய அதே நிபந்தனை அதிலும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து, பாகங்களை மாட்டிய கடைக்காரர். "அண்ணே, நூறு வண்டிக்கு மாட்டியிருக்கேன், ஒண்ணும் ஆனதில்ல" என்றார். ஆகியிருந்தாலும் என்னிடம் அவர் கொடுத்த பில் கிடையாது, துண்டுச் சீட்டில் தொகை மட்டும்தான் இருந்தது. சட்டப்படி அவரும் சேவை கொடுத்தவர்தான். அவர் தொட்ட இடத்தில் கோளாறு வந்தால் அவரைத்தான் கேட்க வேண்டும், பைக் கம்பெனியை அல்ல. ரிலே, ஃப்யூஸ் போடாமல் ஹெட்லைட் ஒயரிலிருந்தே லைனை இழுத்து, அந்த ஒயர் உருகியது என்றால் பொறுப்பு கடைக்கு. ஆனால் பில் இல்லாமல் இந்தக் கதவு திறக்காது. லட்சக்கணக்கில் செலவழித்து வண்டியையே உருமாற்றித் தரும் பெரிய கராஜ்களிடம் போகிறவர்களாவது, எந்தெந்த வேலைக்கு எத்தனை மாதம் பொறுப்பு என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மிச்சம் மூன்று வழிகள்: வெளியே காசு கொடுத்துச் சரிசெய்துவிட்டு மறந்துவிடுவது, கம்பெனியிடம் எழுத்தில் சண்டை போடுவது, நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது. உண்மையான ஒப்பீடு இவற்றுக்குள்தான். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்கு நமக்கு நாமே பொய் சொல்லாமல் பதில் வைத்திருக்க வேண்டும்: நாம் மாற்றிய பொருள் இந்தக் கோளாறை உண்டாக்கியிருக்குமா?

சில இடங்களில் ஷோரூம் சொல்வதுதான் சரி. காற்று அதிகம் இழுக்கும் ஃபில்டரும் புகையைத் தடையின்றி வெளியேற்றும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் போட்டு, அதற்கேற்ப டியூன் செய்யாமல் ஓட்டினால், எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைந்து காற்று கூடும், சூடு ஏறும். அப்படி ஓட்டிய வண்டியில் வால்வோ பிஸ்டனோ போனால் வாரண்டி கேட்டுப் போராடுவது நேரக்கேடு. பெரிய டயர் போட்டவருக்கு வீல் பேரிங் போனாலும், தாழ்த்திய சஸ்பென்ஷனில் ஷாக் அப்சார்பர் ஒழுகினாலும் அப்படியே. ஆனால் ஹேண்டில்பார் மாற்றியவருக்குக் கியர் பாக்ஸ் வாரண்டியை மறுப்பதும், சீட் மாற்றியவருக்கு ஸ்பீடோமீட்டர் வாரண்டியை மறுப்பதும் வேறு கதை.

ஃபாக் லைட் விஷயம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதிக லைட் போட்டால் காயிலுக்கு லோடு கூடி எரியும் என்பது எல்லா சர்வீஸ் சென்டரிலும் கேட்கும் பேச்சு. ஆனால் காயிலில் இருந்து வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவி ரெக்டிஃபையர். பல பைக்குகளில் இருக்கும் ஷண்ட் வகை ரெக்டிஃபையர் வேலை செய்யும் விதம் வேறு. காயில் எப்போதும் தன்னால் முடிந்த அளவு மின்சாரத்தை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். வண்டிக்குத் தேவைப்படாத மிச்சத்தை ரெக்டிஃபையர் காயிலுக்கே ஷார்ட் செய்து திருப்பி, வெப்பமாக வீணாக்கிவிடும். ஆகவே கூடுதல் லைட் போட்டதால் மட்டும் காயிலின் சூடு பெரிதாக மாறாது. லோடு அளவுக்கு மீறினால் முதலில் பேட்டரிதான் இறங்கும். மிச்சத்தைத் திருப்பாமல் காயிலின் இணைப்பையே துண்டிக்கும் சீரிஸ் வகை ரெக்டிஃபையரில் கணக்கு வேறு. உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். அரைகுறையாகச் சொன்னால் அட்வைசர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். வெட்டி ஒட்டிய ஒயர் எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆனது என்றால் அதுவும் வேறு விஷயம், அப்போது நாம்தான் பொறுப்பு.

வெளியே காசு கொடுத்துச் சரிசெய்வதற்கு வருவோம். இதை ஏளனமாகப் பார்க்கத் தேவையில்லை. எரிந்த காயிலுக்குப் புதுக் கம்பி சுற்றித் தரும் ரீவைண்டிங் கடைகள் இருக்கின்றன, புதுப் பாகத்தின் விலையோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. ஒரே நாளில் வண்டி ஓடும். ஐந்தாயிரம், ஆறாயிரத்துக்கு ஆறு மாதம் அலையும் ஆள் நான் இல்லை என்று நினைப்பவருக்கு இதுவே நல்ல வழி, வாரண்டி முடிய இன்னும் ஓரிரு மாதம்தான் இருந்தால் சந்தேகமே வேண்டாம். என் கணக்கு வேறு மாதிரி இருந்தது. இன்னும் பதினாறு மாத வாரண்டி மிச்சம். காயிலை எடுக்க எஞ்சினின் பக்கவாட்டு மூடியைத் திறக்க வேண்டும். வெளி மெக்கானிக் திறந்த எஞ்சினில் பின்னால் எது போனாலும் "வெளியில திறந்திருக்கீங்க" என்ற பதில் தயாராக இருக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து, சான்று போய்விடுவது. ரீவைண்டிங் கடையில் எரிந்த கம்பியை உருவிப் போட்டபின், அது ஏன் எரிந்தது என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. சண்டை போடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பழைய பாகத்தைக் கைவிடாதீர்கள். காசு கொடுத்து மாற்றிய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள்.

எழுத்தில் கேட்பது எரிச்சலான வேலை. ஆனால் அதில் கிடைக்கும் பலனை நான் முதலில் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். ஷோரூம் கவுண்டரில் வாரண்டியை மறுப்பவர் கம்பெனி அல்ல, டீலர். வாரண்டியில் மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்தச் செலவைக் கம்பெனியிடம் கேட்கும்போது கம்பெனி தர மறுத்தால் நஷ்டம் டீலருக்கு. வெளி சைலன்சரைப் பார்த்ததும் அவர் வாய் "வராது" என்று சொல்வதற்குக் காரணம் அந்தப் பயம். எனவே வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, எந்த நிபந்தனையின்படி மறுக்கிறீர்கள் என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டால் விஷயம் மேலே, கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் வரை போகும். வாரண்டி புத்தகத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாக முழுதாகப் படித்தேன் (யார் படிக்கிறார்கள்?). அதில் இருந்தது, கம்பெனி அங்கீகரிக்காத பாகங்களைப் பொருத்தியதால் ஏற்படும் பழுதுகளுக்கு வாரண்டி இல்லை என்று. "பொருத்தியதால் ஏற்படும்" என்ற அந்த இரண்டு சொற்களில்தான் என் வழக்கே இருந்தது. சில கம்பெனிகளின் புத்தகத்தில் மாற்றம் செய்தாலே மொத்த வாரண்டியும் ரத்து என்றும் இருக்கும். அப்படி இருந்தால் வாதம் கடினம்.

இங்கே யூடியூப் வீடியோக்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "வெளிப் பாகம் போட்டதற்காக வாரண்டியை மறுக்கவே கூடாது, சட்டம் இருக்கிறது" என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது அமெரிக்காவில் 1975ல் வந்த மேக்னுசன் மாஸ் வாரண்டிச் சட்டம். பூந்தமல்லி சர்வீஸ் சென்டரில் அதைச் சொல்லிப் பயனில்லை. நம் ஊரில் கொஞ்சம் நெருங்கி வருவது, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகள் மீது போட்ட உத்தரவு. வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி மொத்தமாக ரத்து என்று பொதுவாக நிபந்தனை போடக்கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றது அது. அது கார்களைப் பற்றியது, மேல்முறையீடுகளையும் சந்தித்தது. ஆகவே கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம், அதையே நம்பி உட்காரக் கூடாது.

என் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் நான் தவறான சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது புரிந்தது. காயிலில் தயாரிப்புக் குறை என்று நான் நிரூபிக்கப் பார்த்தேன். அது கடினம், நிபுணர் அறிக்கை இல்லாமல் நகராது. ஆனால் இரண்டாவது முறை எரிந்த காயில் கம்பெனி வண்டியோடு கொடுத்தது அல்ல. 8,700 ரூபாய் வாங்கிக்கொண்டு சர்வீஸ் சென்டர் மாட்டியது. வெட்டிய ஒயரையும் அவர்களே சரிசெய்தார்கள். அந்தச் சைலன்சர் அன்றைக்கும் வண்டியில் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்து பில் போட்டார்கள், கழற்றச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. அப்படியானால் இது வாரண்டிச் சண்டையே அல்ல, காசு வாங்கிச் செய்த வேலை சரியில்லை என்ற புகார். சட்டம் இதைச் சேவைக் குறைபாடு என்கிறது. இங்கே மாடிஃபிகேஷன் என்ற கேடயம் பாதி உடைந்துவிடுகிறது.

வேலை எங்கே தவறியது என்பதற்கும் பதில் கிடைத்தது. தெரிந்த எலக்ட்ரிக்கல் மெக்கானிக் ஒருவர் எஞ்சினைத் திறக்காமல், வெளியே இருக்கும் ரெக்டிஃபையரின் சாக்கெட்டைக் கழற்றி மல்டிமீட்டரில் டயோடு சோதனை செய்தார். உள்ளே ஷார்ட். "தம்பி, இதை டெஸ்ட் பண்ணாம காயிலை மட்டும் மாத்தினா புதுக் காயிலும் போகும்" என்றார். என் ஜாப் கார்டில் மாற்றியதாக இருந்தது காயில் மட்டும்தான். ரெக்டிஃபையரைச் சோதித்ததாக ஒரு வரிகூட இல்லை. மீட்டர் காட்டியதை வீடியோ எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதாவது கிட்டத்தட்ட எல்லா பைக்குகளும் அதற்குள் வந்துவிடும். 5 லட்சம் வரை புகார்க் கட்டணமே இல்லை. கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கூடப்போனால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. கோளாறு ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது அல்லவா. சோதனை தேவையில்லாத புகாரை மூன்று மாதத்திலும், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்தா வாங்கிப் பழகிய நாட்டில் அந்தக் கணக்கை நம்பி லீவு போடாதீர்கள். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அதன் கட்டணத்தை முதலில் நாமே கட்ட வேண்டியிருக்கும். மாடிஃபை செய்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அனுமதியின்றி மாற்றிய உரிமையாளருக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவில் இடம் இருக்கிறது. ஊரைக் கூட்டும் சைலன்சரோடு போய், நான் அப்பாவி நுகர்வோர் என்று நின்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். பொருளால் உடலுக்கோ வேறு உடைமைக்கோ சேதம் வந்து இழப்பீடு கேட்கும் வழக்குகளில் நிலைமை இன்னும் இறுக்கம்: பொருள் மாற்றப்பட்டிருந்தால் விற்றவர் மீது அந்த வழக்கு நிற்காது என்று நுகர்வோர் சட்டத்தின் 87ஆம் பிரிவே சொல்கிறது.

ஆகவே என் கணக்கு இப்படி. எஞ்சின், இசிஎம் என்று முப்பது, நாற்பதாயிரம் போகிற பழுது, மாற்றிய பாகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று காகிதத்தில் காட்ட முடியும், மாற்றங்களும் ஆர்டிஓ கண்ணில் உறுத்தாதவை என்றால் ஆணையத்துக்குப் போகலாம். பத்தாயிரத்துக்கு உள்ளே என்றால் எழுத்துப் புகார், அது நகராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீர்ப்பு எதுவும் கிடைக்காது, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் டீலரின் மேசையில் முடங்கிக் கிடந்த விஷயம் கம்பெனியின் மேசைக்குப் போய்விடும். மாற்றிய பாகமே காரணம் என்று உள்ளுக்குள் தெரிந்தால் ரீவைண்டிங் கடை.

நான் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஒரிஜினலை மாட்டினேன், மறைக்க அல்ல. கழற்றிய தேதியையும் கடிதத்தில் எழுதினேன். இரண்டு ஜாப் கார்டின் நகல், பில், வீடியோ, வாரண்டி புத்தகத்தின் அந்தப் பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்பினேன். தயாரிப்புக் குறை என்ற சொல்லையே எடுக்கவில்லை. ரெக்டிஃபையரைச் சோதிக்காமல் காயிலை மாற்றியது ஏன் என்று மட்டும் கேட்டேன். பத்து நாள் பதில் இல்லை. 1915க்குப் போன பிறகு, அதே வாரத்தில் ஏரியா சர்வீஸ் மேனேஜர் பேசினார். காயிலும் லேபரும் இலவசம், ரெக்டிஃபையருக்கு மட்டும் நான் காசு கொடுக்க வேண்டும் என்றார். அதையும் இலவசமாகக் கேட்டிருக்கலாம் என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். முதல் முறை வெட்டிய ஒயர் என்னுடையது என்பதால் நான் ஒப்புக்கொண்டேன்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது ஜாப் கார்டில் காயில், ரெக்டிஃபையர் இரண்டும் மாற்றப்பட்டது என்றும், 3,000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனையில் 14.1 வோல்ட் வந்தது என்றும் எழுதி வாங்கினேன். எரிந்த இரண்டாவது காயிலையும் கேட்டேன். வாரண்டியில் மாற்றினால் பழைய பாகத்தைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்று முதலில் தர மறுத்தார்கள். இது வாரண்டி இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். அட்வைசர் சிரித்துக்கொண்டே ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். பரணில், ஸ்டாக் சைலன்சர் காலி செய்துவிட்டுப் போன இடத்தில் இருக்கிறது. இரண்டு வருடக் கெடு முடியும்வரை அங்கேயே இருக்கட்டும்.